விருந்தாளிக்கும் வேலை உண்டு

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலை பத்துப் பன்னிரண்டு இளையவர்களோடு உட்கார்ந்து பேசுவேன். போன மாதம் அவர்களில் ஒரு பெண், "டீச்சர், பாங்காக், துபாய் எல்லாரும் போறாங்க. ஆளுங்க அதிகம் போகாத நாட்டுக்குப் போகணும். எப்படி நடந்துக்கணும்னு எழுதிக் கொடுங்க" என்றாள். அன்று வாயால் சொன்னது எனக்கே போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் 34 வருடம் புவியியல் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகுதான் பாஸ்போர்ட் எடுத்தேன். 2017இல் லாவோஸ், 2019 ஜனவரியில் எத்தியோப்பியா, 2022 அக்டோபரில் ஜார்ஜியா, 2023 கோடையில் கிர்கிஸ்தான். நான்கே நாடுகள். ஒவ்வொன்றிலும் மூன்று வாரத்துக்குக் குறையாமல் தங்கினேன்.

நான் கண்டது இதுதான். வெளியூர்க்காரர்கள் வந்து குவியும் நகரத்தில் நீங்கள் வாடிக்கையாளர். காசைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. யாரும் அதிகம் வராத மேய்ச்சல் வெளியிலோ மலைக் கிராமத்திலோ உங்களை விருந்தாளியாக வைத்துத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியாது. விருந்தாளி என்றால் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை பிள்ளைகளா, விருந்தாளிக்கும் வேலை உண்டு.

1. புறப்படும் முன் அந்த நாட்டு ஆள் எழுதிய கதை ஒன்றைப் படியுங்கள்.

வழிகாட்டிப் புத்தகம் விடுதி எங்கே, பேருந்து எங்கே என்று சொல்லும். அந்த ஊர் மனிதர்களுக்கு எது நினைவில் வந்தால் தொண்டை அடைக்கும் என்று சொல்லாது. கிர்கிஸ்தானுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது கல்லூரியில் படித்த 'ஜமீலா'. சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1958இல் எழுதிய குறுநாவல். சோவியத் காலத்தில் மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி, நம் கைக்கு எட்டும் விலையில் வந்த புத்தகங்களில் ஒன்று. ஆண்களெல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட ஊர். தானிய மூட்டைகளை வண்டியேற்றி ரயிலடிக்குக் கொண்டுபோகும் ஜமீலா. கூடவே வரும் காயம்பட்ட சிப்பாய் தானியார் இரவில் பாடுகிறான். அதற்கு மேல் நான் சொல்லவில்லை, படியுங்கள்.

பிஷ்கெக்கிலிருந்து கோச்கோருக்கு மர்ஷ்ருத்காவில் போனேன். ஆள் நிறைந்த பிறகு கிளம்பும் வேனுக்கு அங்கே அந்தப் பெயர். பக்கத்தில் என் வயதுப் பெண்மணி ஒருவர். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. பேச ஒன்றுமில்லாமல் ஒரு மணி நேரம் போனது. பிறகு நான் "ஐத்மாத்தவ்" என்றேன், "ஜமீலா" என்றேன். அவர் சட்டென்று திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு "தானியார்" என்றார். நான், கதை சொல்லும் கொழுந்தனின் பெயரைச் சொன்னேன்: "செயித்." மூன்று பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே மலை ஏறினோம்.

பிஷ்கெக்குக்கு வெளியே அத்தா பெயித் என்ற நினைவிடம் இருக்கிறது. 'தந்தையரின் கல்லறை' என்று பொருள். 1938இல் ஸ்டாலினின் ஆட்கள் சுட்டுக் கொன்ற 130க்கும் மேற்பட்டவர்களை அங்கே ஒரே குழியில் போட்டு மூடினார்கள். ஐத்மாத்தவின் தந்தையும் அவர்களில் ஒருவர். விஷயம் தெரிந்த ஒரு காவலாளி சாகும்போது தன் மகளிடம் மட்டும் சொன்னார். அவள் பல வருடம் பொத்தி வைத்திருந்து, காலம் மாறிய பிறகு வாய் திறந்தாள். 1991இல் தோண்டி எடுத்தார்கள். தகப்பன் எங்கே கிடக்கிறார் என்று ஐத்மாத்தவுக்குத் தெரியவந்தபோது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். 2008இல் அவரையும் அங்கேயே அடக்கம் செய்தார்கள். கதையைப் படிக்காமல் போயிருந்தால் அந்த இடம் எனக்கு வெறும் கல்லும் புல்வெளியுமாகத்தான் இருந்திருக்கும்.

2. உறவுச் சொற்களை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

வணக்கமும் நன்றியும் எல்லோரும் கற்றுக்கொண்டு போவார்கள். நீங்கள் அக்கா, அண்ணன், அம்மாவுக்கு என்ன சொல் என்று கேளுங்கள். முன்பின் தெரியாதவரையும் உறவு வைத்துக் கூப்பிடுவது நமக்குப் பிறவிப் பழக்கம். பஸ் கண்டக்டரும் அண்ணன், காய்கறிக்காரியும் அக்கா. கிர்கிஸ்தானிலும் அப்படியே. மூத்த பெண் 'எஜே', மூத்த ஆண் 'பைகே'. தாயை 'அபா' என்கிறார்கள். வயதான பெண்களையும் அப்படியே கூப்பிடலாம். முதல் இரண்டு நாள் அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை. ஒரு கிழவியைப் பார்த்து அப்பா என்று கூப்பிடுவது போலத் தோன்றியது.

ஜார்ஜியாவில் இன்னொரு விதம். தாய் 'தெதா', தகப்பன் 'மாமா'. நம் மாமா ஒலியேதான். திபிலிசியில் நான் தங்கிய வீட்டில் நான்கு வயதுக் குழந்தை தன் அப்பாவைப் பார்த்து "மாமா, மாமா" என்று ஓடியதை முதலில் கண்டபோது, தாய்மாமன் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். இதையெல்லாம் வைத்து 'எல்லா மொழியும் தமிழிலிருந்து வந்தது' என்று கிளம்பிவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று ஆகிவிடாது. ஆனால் இப்படியொரு சொல்லை வாயில் வைத்துப் பழகும்போது, நமக்கு அசைக்க முடியாததாகத் தோன்றும் ஒன்று இன்னொரு வீட்டில் வேறாக இருப்பது உடம்புக்கே தெரியும். அந்த அதிர்ச்சி நல்லது.

3. எழுத்தைப் படிக்கப் பழகுங்கள், பொருள் புரியாவிட்டாலும்.

ஜார்ஜிய மொழிக்கு 33 எழுத்து. நம் எழுத்தைப் போலவே வளைவும் சுழியுமாக இருக்கும். தினம் நாலு எழுத்து என்று பஸ் பலகைகளைப் பார்த்தே பத்து நாளில் கூட்டிக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். எத்தியோப்பியாவின் எழுத்துக்குப் பெயர் 'பிதெல்'. அது தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தது போல. ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம்: லெ, லு, லி, லா, லே, ல், லோ என்று வரிசையாகப் போகும். நம் உயிர்மெய் மாதிரியே மூல வடிவத்தில் ஒரு கொம்பு, ஒரு கால், ஒரு சுழி சேர்ந்துகொள்ளும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் இருநூறுக்கும் மேலான எழுத்தைக் கண்டு மலைப்பார்கள். 247 எழுத்துக்காரர்களாகிய நமக்கு அதன் கணக்கு ஒரே பகலில் பிடிபடும். கடைப் பலகையை நீங்கள் எழுத்துக்கூட்டுவதைப் பார்த்தால் கடைக்காரர் வெளியே வந்து நிற்பார். பிறகு அவரே வாத்தியார்.

4. ரொட்டியை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கவனியுங்கள்.

இது பெரிய விஷயம், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கிர்கிஸ்தானின் சோங் கொல் ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோடை நான்கு மாதம் மட்டும் மேய்ப்பர்கள் ஆடும் குதிரையுமாக அங்கே ஏறி, கம்பளிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். 'போஸ் உய்' என்பார்கள், சாம்பல் நிற வீடு. அதன் உச்சியில் புகை போகவும் வெளிச்சம் வரவும் ஒரு வளையம் இருக்கும், பெயர் 'துந்துக்'. நாட்டுக் கொடியின் நடுவிலும் அந்த வளையம்தான். வாசல்படியை மிதிக்காமல் உள்ளே போக வேண்டும். வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடம் 'தோர்'. அங்கேதான் விருந்தாளியை உட்கார வைப்பார்கள். கூச்சப்பட்டு வாசல் பக்கமே உட்கார்ந்துகொள்ளாதீர்கள். நமக்கு அது பணிவு, அவர்களுக்கு அது விருந்தை ஏற்காதது.

விரிப்பில் முதலில் வருவது ரொட்டி. 'நான்' என்பார்கள். வட்டமான ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக்கூடாது. தரையில் வைக்கக்கூடாது. நான் முதல் நாள் பேச்சுச் சுவாரசியத்தில் ஒரு துண்டைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த வீட்டுப் பாட்டி ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டித் திருப்பி வைத்தார். அன்னத்தைக் காலில் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்த எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவசரமாகக் கிளம்புகிறீர்கள், சாப்பிட நேரமில்லை என்றாலும், ரொட்டியில் ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொள்ளாமல் விடமாட்டார்கள். வழியில் எட்டிப் பார்த்தவருக்கும் இதே சட்டம்.

தேநீர் அரைக் கிண்ணம்தான் வரும். ஏரிக்கு என்னோடு வந்தவர்களில் ஒருவர் இதைக் கஞ்சத்தனம் என்று நினைத்து, முழுக்க ஊற்றும்படி சைகை காட்டினார். ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த மருமகள் முகம் வாடிப்போனது. கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று பொருள். அரையாக ஊற்றினால் சூடு ஆறாது, கிண்ணம் திரும்பத் திரும்ப அவள் கைக்கு வரும், அவள் உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்பாள். போதும் என்றால் கிண்ணத்தின் மேல் கையை வைத்து "ரஹ்மத்" சொல்லுங்கள்.

5. சைவமா? அப்படியானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நான் சைவம். கிர்கிஸ்தானில் மதிப்பான விருந்தாளி வந்தால் ஆடு அடிப்பார்கள். எலும்புக்கும் இறைச்சிக்கும் வரிசை உண்டு, யாருக்கு எந்தத் துண்டு என்று உறவும் வயதும் பார்த்து வைப்பார்கள். தட்டு முன்னால் வந்த பிறகு "நான் இதெல்லாம் தொடமாட்டேன்" என்பது கொடுமை. உயிரும் போயிற்று, அவர்கள் செலவும் போயிற்று. வந்து சேர்ந்த உடனே, முதல் தேநீரின்போதே, நெஞ்சில் கைவைத்துச் சொல்லிவிடுங்கள். நான் அப்படிச் சொன்னதும் எனக்குப் பாலேடும், எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டான போர்சோக்கும், உருளைக்கிழங்கும் வந்தன. குதிரைப் பாலைப் புளிக்கவைத்த 'குமிஸ்' கொடுத்தார்கள். உதடு நனைய ஒரு வாய் குடித்தேன். புளிப்பும் புகை வாசனையுமாக இருந்தது. லேசான போதையும் அதில் உண்டு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

சைவர்கள் தைரியமாகப் போகக்கூடிய நாடு எத்தியோப்பியா. அங்குள்ள பழைமையான கிறிஸ்தவ சபையினர் ஆண்டின் பெரும்பகுதி புதனும் வெள்ளியும் விரதம் இருப்பார்கள். ஈஸ்டருக்கு முன் 55 நாள் விரதம் தனி. விரத நாளில் இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அன்று 'பெயாய்நெத்து' கேட்டால், பெரிய இஞ்செரா ரொட்டியின் மேல் பருப்பு, கீரை, கோஸ், பீட்ரூட் என்று வட்டமாக வைத்துக் கொண்டுவருவார்கள். கடலை மாவில் செய்யும் 'ஷிரோ' குழம்பை நான் இப்போது வீட்டிலேயே வைக்கிறேன். ஜார்ஜியாவிலும் விரதச் சாப்பாட்டுக்குத் தனிப் பெயர் உண்டு: 'சமார்ஹ்வோ'. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அவரை 'லோபியோ', அக்ரூட் அரைத்துப் பிசைந்த கீரை, கத்தரிக்காய் எல்லாம் வரும். 'வெஜிடேரியன்' என்று சொன்னால் கோழி வைக்கிறவர்கள்கூட 'விரதம்' என்றால் புரிந்துகொள்வார்கள்.

இஞ்செராவைப் பார்த்ததும் "நம்ம தோசை" என்று கத்தாதீர்கள். அது தெஃப் என்ற, கடுகைவிடச் சிறிய தானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுட்டது. அதற்கென்று ஒரு பெயரும் வரலாறும் உண்டு. முதல் நாள் அதை அதன் பெயரிலேயே சாப்பிடுங்கள். ஒப்பிடுவதை ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம்.

6. அவர்கள் கடிகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எத்தியோப்பியாவில் பஹிர் தாரிலிருந்து கோண்டருக்குப் பேருந்து 12 மணிக்கு என்றார்கள். பதினொன்றரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். பேருந்து ஐந்தரை மணி நேரத்துக்கு முன்பே போயிருந்தது. அங்கே நாள் விடியலில் தொடங்குகிறது. நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. 12 என்றால் காலை 6. பிறகுதான் எனக்கு உறைத்தது: நம் பஞ்சாங்கத்திலும் உதயத்திலிருந்துதானே நாழிகை எண்ணுகிறோம்? ஜாதகத்தில் 'உதயாதி நாழிகை' என்று எழுதுவதை என் பாட்டி வாயிலிருந்து கேட்டே வளர்ந்தும், பொழுது விடியும்போது நாள் பிறக்கிறது என்ற கணக்கை நான் மறந்துபோயிருந்தேன். நீங்கள் மணி கேட்டால், "உங்கள் கணக்கா, எங்கள் கணக்கா?" என்று சேர்த்துக் கேளுங்கள்.

வருடமும் வேறு. நான் போனது 2019, அங்கே அது 2011. பன்னிரண்டு மாதங்களுக்கும் முப்பது முப்பது நாள். மிச்சமாகும் ஐந்து நாளை, சில ஆண்டு ஆறு நாளை, பதின்மூன்றாவது மாதம் என்று வைத்திருக்கிறார்கள். இதைப் 'பின்தங்கிய கணக்கு' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

7. மூன்றாவது கிண்ணம் வரை எழுந்திருக்காதீர்கள்.

தவறவிட்ட அந்தப் பேருந்தால் எனக்கு ஒரு மதியம் கிடைத்தது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடை போல ஒரு சின்ன இடம். தரையில் பச்சைப் புல் பரப்பி, தூபக்காலில் சாம்பிராணி போட்டு, தாழ்ந்த முக்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். "புன்னா?" என்றார். காபிக்கு அதுதான் பெயர். தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் முதலில் பச்சைக் கொட்டையைக் கழுவினார். கரி அடுப்பில் தட்டையான சட்டி வைத்து வறுத்தார். கொட்டை கறுத்து எண்ணெய் விட்டதும் சட்டியோடு எடுத்துவந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். புகையைக் கையால் அள்ளி மூக்குக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். பிறகு உரலில் இடித்து, 'ஜெபெனா' என்ற நீண்ட கழுத்து மண்கூஜாவில் கொதிக்கவைத்தார். பொரித்த சோளப்பொரியும் ஒரு தட்டில் வந்தது. முதல் ஊற்று கிடைக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பில்டர் காபியை நின்ற இடத்தில் குடித்துவிட்டு ஓடுகிற ஊர்க்காரி நான். அந்த முக்கால் மணியில் பக்கத்து வீட்டார் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். காபி தயாராகும் நேரத்தில்தான் ஊர்ப் பேச்சு முழுவதும் நடக்கிறது.

முதல் ஊற்றுக்கு 'அபோல்' என்று பெயர். அதே தூளில் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்கவைப்பது 'தோனா'. மூன்றாவது 'பெரெக்கா', ஆசி என்று பொருள். முதலாவதைக் குடித்துவிட்டுக் காசை நீட்டி எழுந்தால், ஆசி வாங்காமல் போகிறீர்கள்.

இரண்டாவது கிண்ணத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் சாப்பாடு வந்தது. அந்தப் பெண் இஞ்செராவைக் கிழித்து, ஷிரோவில் தோய்த்து உருட்டி, என் வாய்க்கு நேரே நீட்டினார். அதற்கு 'குர்ஷா' என்று பெயர். அன்பு காட்ட விரும்பும் ஒருவருக்குத் தன் கையால் ஊட்டுவது. உருண்டை எவ்வளவு பெரிதோ அன்பும் அவ்வளவு. என் அம்மா இறந்து அப்போது பதினோரு வருடம். அதற்குப் பிறகு எனக்கு யாரும் ஊட்டியதில்லை. சுத்தம், தண்ணீர், வயிறு என்று நீங்கள் பயப்படுவீர்கள் என்று தெரியும். குர்ஷாவை மறுக்காதீர்கள்.

8. வடக்கு எத்தியோப்பியா போகக் கிளம்பும் முன் ஒரு வார்த்தை.

நான் வந்த மறுவருடம், 2020 நவம்பரில், வடக்கே போர் வெடித்தது. கோண்டரும் பாறையைக் குடைந்த பதினொரு தேவாலயங்கள் உள்ள லலிபெலாவும் இருக்கும் அம்ஹாரா பகுதியில் 2023 முதல் மறுபடி சண்டை. அமைதி திரும்பும் வரை காத்திருங்கள். ஆபத்தான இடத்துக்குப் போய்வந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை. அங்கே நமக்குச் சோறிட்டவர்கள் ஆபத்தோடு இருக்கிறார்கள், அதுதான் விஷயம். அந்தக் காபிக் கடைப் பெண் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

9. கேமராவை உள்ளே வைத்துவிட்டு உட்காரும் இடங்கள் உண்டு.

லாவோஸில் லுவாங் பிரபாங் நகரத்துத் தெருவில் விடியலுக்கு முன் பிட்சுக்கள் வெறுங்காலோடு வரிசையாக வருவார்கள். ஊர்ப் பெண்கள் பாய் விரித்து முழந்தாளிட்டு, மூங்கில் கூடையிலிருந்து ஒட்டுச்சோற்றைக் கிள்ளிக் கிள்ளி ஒவ்வொரு பாத்திரத்திலும் இடுவார்கள். யாரும் பேசமாட்டார்கள். நான் பார்த்த அன்று, ஒரு சிறு பிட்சுவின் முகத்துக்கு இரண்டடி தூரத்தில் வெளியூர்க்காரர்கள் பிளாஷ் அடித்துப் படம் எடுத்தார்கள். பையனுக்குப் பத்து வயது இருக்கும். கண்ணைக்கூட மூடவில்லை, பழகிப்போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. தெருவின் எதிர்ப்பக்கம் நில்லுங்கள். உண்மையாகவே சோறிட மனம் இருந்தால் மட்டும், தோளை மூடி, செருப்பைக் கழற்றி, அவர்களைவிடத் தாழ உட்கார்ந்து இடுங்கள். படத்துக்காக இடாதீர்கள்.

10. காலுக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நடங்கள்.

அதே லாவோஸில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா இருபது லட்சம் டன் குண்டு போட்டது. கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறுகுண்டுகள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு வரை வெடிக்காமல் மண்ணில் புதைந்தது. கொல்லையில் மண்வெட்டி போடும் ஆட்களும் விளையாடும் பிள்ளைகளும் இன்றைக்கும் அதில் கை கால் இழக்கிறார்கள். சியெங் குவாங் மாகாணத்தில் கல்ஜாடிகள் கிடக்கும் சமவெளியைப் பார்க்கப் போனால், தரையில் வெள்ளையும் சிவப்பும் பூசிய அடையாளக் கற்கள் பதித்திருக்கும். வெள்ளைப் பக்கம் மட்டும் நடக்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குண்டின் அலுமினியத்தை உருக்கிக் கரண்டி வார்க்கிறார்கள். எடை இல்லாத கரண்டி. ஒன்று வாங்கி வந்தேன். உங்களில் யாராவது வீட்டுக்கு வந்தால் அதைக் கையில் வைத்துப் பாருங்கள். 34 வருடம் இந்தோசீனா பாடம் நடத்தினேன். நெல், ஈயம், மீகாங் ஆறு என்று எழுதிப்போட்டேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

11. உங்கள் முறை வரும்போது பேசுங்கள்.

ஜார்ஜியாவில் கஹெத்தி பகுதியில் திராட்சை அறுவடைக் காலம். தரைக்குள் புதைத்த மண்தாழிகளில் மதுவை ஊற்றி வைக்கும் வழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. தாழிக்கு 'க்வெவ்ரி' என்று பெயர். சில தாழிகளுக்குள் ஆள் இறங்கித்தான் கழுவ வேண்டும். அறுவடை முடிந்த வீட்டில் 'சுப்ரா', அதாவது விருந்து. சுப்ராவை நடத்த ஒரு தலைவர் உண்டு, 'தமதா'. அவர் சொல்லாமல் யாரும் குடிக்கக்கூடாது. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் எழுந்து நின்று பேசுவார். சமாதானத்துக்கு, பெற்றவர்களுக்கு, இறந்தவர்களுக்கு, பிறகு குழந்தைகளுக்கு. ஐந்து மணி நேரம் போனது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை, ஒருவர்கூடப் பாதியில் எழவில்லை.

குடிக்காதவர்கள் தமதாவிடம் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன். உதட்டில் தொட்டுவிட்டு வைத்தால் போதும் என்றார். ஆனால் பேசாமல் தப்பிக்க முடியாது. இறந்தவர்களுக்கான முறையில் அவர் பேசி முடித்து, என் பக்கம் திரும்பி "அலவெர்தி" என்றார். பேச்சை உங்கள் கையில் கொடுக்கிறேன் என்று பொருள். எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழிலேயே என் அம்மாவைப் பற்றிப் பேசினேன். அவள் நெல் குத்தி என்னைப் படிக்க வைத்ததை, கடைசி நாளில் என்னிடம் தண்ணீர் கேட்டதை. உட்கார்ந்ததும் பக்கத்திலிருந்த பெண், "அடிக்கடி ஒரு சொல் சொன்னீர்களே, அது அவர் பெயரா?" என்று கேட்டாள். "அம்மா. தெதா" என்றேன். அவள் அதை மற்றவர்களுக்குச் சொன்னாள். தமதா மறுபடி எழுந்து, கிண்ணத்தை உயர்த்தி, "அம்மா" என்றார். மேசை முழுக்க அந்தச் சொல்லைச் சொல்லிக் குடித்தார்கள்.

போகும் முன் வீட்டிலேயே நான்கு வாக்கியம் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். யாரை இழந்தீர்கள், யாருக்குக் கடன்பட்டிருக்கிறீர்கள். அவர்கள் கேட்பது அதைத்தான்.

12. கைவேலைக்குப் பேரம் பேசாதீர்கள்.

கோச்கோரில் பெண்கள் 'ஷிர்தாக்' என்ற கம்பளி விரிப்பு செய்கிறார்கள். ஆட்டு ரோமத்தை வெந்நீர் விட்டு உருட்டி, மிதித்துத் தகடாக்கி, சாயம் ஏற்றி, இரண்டு நிறத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சேர்த்து வெட்டுவார்கள். சிவப்பில் வெட்டிய கொம்பு வடிவம் கறுப்பின் பள்ளத்தில் போய் உட்காரும், கறுப்புக் கொம்பு சிவப்பில். ஒரு துண்டும் வீணாகாது. அதையெல்லாம் கையால் தைக்க மாதக்கணக்கில் ஆகும். சொன்ன விலையைக் கொடுங்கள். முடியாவிட்டால் சிறியதாக ஒன்று வாங்குங்கள்.

13. உடம்பு.

மூவாயிரம் மீட்டருக்கு ஒரே நாளில் ஏறாதீர்கள், நடுவில் ஓர் இரவு தங்குங்கள். ஜூலையிலும் இரவில் கடுங்குளிர். தினம் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பங்கு எடுத்து, இரண்டு பையில் பிரித்து வையுங்கள்.

14. திரும்பி வந்து 'எளிய மக்கள்' என்று எழுதாதீர்கள்.

ஒவ்வொரு பயணக் கட்டுரையிலும் அந்தச் சொல் வருகிறது. ஏழு தலைமுறையின் பெயர் சொல்லத் தெரிந்த கிர்கிஸ் மேய்ப்பரா எளியவர்? 1896இல் அத்வாவில் இத்தாலியப் படையைத் தோற்கடித்த எத்தியோப்பியாவை நான் வகுப்பில் 'வறட்சி, பஞ்சம்' என்ற இரண்டு சொல்லில் முடித்தேன். எண்பதுகளின் பஞ்சம் நடந்தது, லட்சக்கணக்கில் செத்தார்கள், அது பொய்யில்லை. ஆனால் ஒரு நாட்டை அதன் மிக மோசமான வருடத்தை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கோண்டர் போகும் வழியில், ஜனவரி வெயிலில், களத்தில் மாடுகளைப் பூட்டிச் சுற்றி வரவிட்டு தெஃப் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பிணையலேதான். காற்றில் தூற்றும்போது தானியம் தங்கத் தூள் மாதிரி விழுந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரையும் அந்தக் களத்துக்கு அழைத்துவந்து நிறுத்த வேண்டும் போல இருந்தது. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

15. அனுப்புவதாகச் சொன்ன படத்தை அனுப்பிவிடுங்கள்.

எல்லோரும் சொல்வார்கள், யாரும் அனுப்பமாட்டார்கள். மேய்ச்சல் வெளியில் போனுக்குச் சிக்னல் இல்லை, பாட்டிகளிடம் வாட்ஸ்அப் இல்லை. முகவரியை உங்கள் நோட்டில் அவர்கள் கையாலேயே, அவர்கள் எழுத்திலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். ஊருக்கு வந்ததும் அதை நகலெடுத்து உறையில் ஒட்டி, படத்தைப் பெரிதாக அச்சிட்டு அனுப்புங்கள். நான் கோச்கோருக்கு அனுப்பிய படம் போய்ச் சேர ஏழு வாரம் ஆனது. அதே விலாசத்திலிருந்து இந்த வருடம் பொங்கல் சமயத்தில் ஓர் உறை வந்தது. உள்ளே ஒரு படம். மர்ஷ்ருத்காவில் என்னோடு வந்த அந்த அபா, நான் அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்பக்கம் ஒரே ஒரு வார்த்தை. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: ஜமீலா.